மூன்றாவது தாள்

மூன்றாவது தடவையும் ஃபியூஸ் போனது.
எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே
கன்டெய்னர் வண்டியின் அடியில் மல்லாந்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
பீங்கான் குழாயைத் துடைக்கிறேன்.
உள்சுவரில் கரி படிந்தால்
மின்சாரம் அதன்மேல் குறுக்குவழியில் நடந்துவிடுகிறது.
எரிக்க வந்ததைக்
கரியே கைப்பிடித்து அழைத்துப்போகிற கூத்து
ஆய்வுக்கூடத்தில் நடந்ததில்லை.

தேசப்பன் சைலன்சர் பக்கம் குந்தியிருக்கிறார்.
"இன்னாமா, இதுக்குள்ள இடி வியுமா?"
விழும்.
நொடிக்குச் சில ஆயிரம்,
நகக்கண் அளவு இடிகள்.
"டீசல் எவ்ளோ குடிக்கும்?"
நூற்றுக்கு நான்கு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
நூற்றுக்கு நான்கு என்றால்
எத்தனை டீ, எத்தனை பரோட்டா,
முதலாளியிடம் எத்தனை பேச்சு என்று
அவர் விரல் மடக்கத் தொடங்கிவிட்டார்.

வண்டி உலுக்கி உறுமியது.
பார்வைக் கண்ணாடிக்குள்
கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எழுந்து
அணையாமல் நின்றது.
மழைக்கு முந்தைய வாசனை.
இல்லை, ஜெராக்ஸ் கடை வாசனை.
தேசப்பன் மூக்கை உறிஞ்சி
"பரீட்ச டைம் மாரி கீது" என்றார்.

குழாய்க்கு முன்னால் ஒரு வடிதாள்,
பின்னால் ஒன்று.
முன்னதில் தார்ப்பொட்டு.
பின்னதில்
பேப்பர் படித்த விரல் பட்டதுபோல ஒரு மங்கல்,
அவ்வளவுதான்.
இரண்டையும் சேர்த்து ஹெட்லைட்டில் பிடித்துப் பார்த்தார்.
"மீதி எங்க பூட்ச்சு?"
காற்றாகப் போய்விட்டது என்றேன்.
"காத்துன்னா நல்லதா?"
எல்லாக் காற்றும் இல்லை என்று
இன்னும் ஒரு பத்தி சொல்ல வேண்டியிருந்தது.
சொல்லவில்லை.

எங்களுக்கு முன்னே ஜீரோ கேட் வரைக்கும் வரிசை.
எந்த வண்டியும் எஞ்சினை அணைக்கவில்லை.
அணைத்தால் இடம் போய்விடும்.
கடல் இடதுபக்கம் எங்கேயோ இருந்தது,
சத்தம்கூட இல்லாமல்.

தேசப்பன் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.
"இது எனக்குப் பின்னாடி நிக்கறவனுக்குத்தான்மா நல்லது.
முன்னாடி நிக்குறான் பாரு,
அவனுக்கு எப்ப மாட்டுவ?"
கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.
கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்,
வியர்வைக்கு.

வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது.
மூக்கைச் சிந்தினேன்.
கைக்குட்டையில் இரண்டு வட்டம்,
முதல் தாளைவிடக் கொஞ்சம் வெளிறல்,
இரண்டாவதைவிட நிச்சயம் கறுப்பு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மடித்து, பேனாவால் தேதி போட்டேன்.
நேரம் இரவு 2.40.
காற்று: கிழக்கிலிருந்து, லேசாக.