எந்தப் பக்கம்

நுவோரோ நூலகத்தில் அந்த அலமாரி
விவாகரத்துச் சட்டத்துக்கும் காளான் வளர்ப்புக்கும் நடுவில்.
அயல்நாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பது பற்றி
மூன்றே புத்தகங்கள்.
ஒன்றில் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள்,
நாற்பதாம் பக்கம் வரை. அப்புறம் கோடே இல்லை.
குழந்தை கிடைத்துவிட்டதா, கைவிட்டுவிட்டார்களா
என்று கேட்டான் எஃபீசியோ.
நான் நாற்பத்தொன்றிலிருந்து படித்தேன்.

படிக்கப் படிக்க நான்கு வருடம் போயிற்று.
சஸ்ஸாரி நீதிமன்றத்தின் ஆணை,
ஆணைக்கு மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்குச் சான்று,
சான்றுக்கு முத்திரை.
மனநல ஆலோசகர் வீட்டுக்கு வந்து
கட்டில் விளிம்பைத் தட்டிப் பார்த்தார்.
சண்டை போடுவீர்களா?
போடுவோம் என்றேன். இல்லை என்றான் எஃபீசியோ.
இரண்டையும் எழுதிக்கொண்டார்.

யாரோ கொடுத்த எண்ணில் ஓல்பியாவிலிருக்கும் ஒரு தம்பதியை அழைத்தோம்.
அவர்கள் எங்களுக்கு முன்னால் அந்த வழியில் போனவர்கள்.
ஒரு மணி நேரத்துக்குக் கேள்விகள் வைத்திருந்தேன்.
மெத்தைக்கு ரப்பர் விரிப்பு வாங்குங்கள் என்றார் அந்தப் பெண்,
இரண்டாக வாங்குங்கள்.
பின்னால் எதுவோ உடைந்து சிதறும் சத்தம்.
மன்னிக்கவும், என்று வைத்துவிட்டார்.

பிறகு பல்கேரியாவிலிருந்து ஒரு தாள் வந்தது.
ரதோஸ்தின். வயது ஐந்தரை.
எடை பதினேழு கிலோ. மார்ச்சளி இருமுறை.
நன்றாகச் சாப்பிடுவான்.
அவ்வளவுதான்.
மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன் நான்;
இருமல் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதுகூட
இதைவிட நீளம்.

அவனுக்காகக் குளியலறையைத் திருத்தினோம்.
தரைக்கல் பதிக்க வந்த த்ஸ்வேத்தான்
ப்லோவ்திவ்காரர் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது.
அதற்கு முன்பே கேட்டிருந்தேன்,
தண்ணீர் இந்தப் பக்கம் வடியுமா?
தலையை இடவலமாக அசைத்தார்.
அப்படியானால் பெயர்த்துவிடுங்கள் என்றேன்.
ஒரு மாதிரி பார்த்துவிட்டு உளியை எடுத்தார்.
நான்கு கல் போன பிறகு புரிந்தது:
அவர்கள் ஊரில் அதுதான் ஆமாம்.
மேலும் கீழும் ஆட்டினால் இல்லை.

மூன்று புத்தகத்திலும் இது இல்லை.

கல் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து,
காதில் செருகியிருந்த பென்சிலால்
எங்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்:
வோதா, தண்ணீர்.
பொலீ, வலிக்கிறது.
ஓஷ்டே, இன்னும் வேண்டும்.
துக் சம், இங்கேதான் இருக்கிறேன்.
கடைசியைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்றார்,
விளக்கை அணைத்தபின் சொல்வது அது.
நான்கு கல்லுக்கும் காசு வாங்கவில்லை.

வ்ராத்சா. ஊரின் மேல் சாய்ந்து நிற்கும் மலை.
காப்பக அலுவலகத்தில் முட்டைக்கோஸ் வெந்த வாசனை.
எஃபீசியோ முழங்காலிட்டு,
ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னான்:
எங்களோடு வருகிறாயா?
பையன் தலையை இடவலமாக அசைத்தான்.

எங்களுக்குத் தெரியும்.
பேருந்து ஓட்டும்போதுகூடக் கண்ணாடியைப் பார்த்து
அசைத்து அசைத்துப் பழகியவன் எஃபீசியோ.
இருந்தும் அவன் முகம் சுண்டிப்போனது.
முப்பத்தொன்பது வருடத்துக் கழுத்து
ஒரு அட்டைத்துண்டை நம்ப மறுத்தது.
இந்த ஆளுக்குக் காது மந்தம் என்று
பையன் நினைத்திருக்க வேண்டும்.
இன்னும் பலமாக அசைத்தான், முடி பறக்க.

இப்போது அக்டோபர்.
புதுக் கல்லில் ஈரக் கால்தடங்கள்.
அட்டை குளிர்பதனப் பெட்டியின் கதவில்;
ஓஷ்டே மேல் தக்காளிக் கறை.
கடைசி வரியை இரவில் நான் சொல்வேன்.
சில இரவுகளில் பதில் வரும்.
சில இரவுகளில் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வான்.

நேற்று பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள்.
எதைக் கேட்டாலும் மறுக்கிறான் என்றார் ஆசிரியை.
முன்னால் ஒரு படிவம், பேனா திறந்தபடி.
வீட்டில் நீங்கள் சொல்வது அவனுக்குப் புரிகிறதா?

தலையசைத்தேன்.
அவர் ‘இல்லை’ என்று எழுதுவதைப் பார்த்தபிறகுதான்
எந்தப் பக்கம் அசைத்தேன் என்று தெரிந்தது.