கத்தரி ஓய்ந்த நாலு நிமிடம்

காரைக்குடி, கல்லூரிச் சாலை, மே மாதம்.
இருபத்தைந்து டிகிரி தாண்டினால்
முட்டையிட மறுக்கும் என் பழ ஈக்கள்.
வெளியே நாற்பத்தொன்று.
சோளமாவும் கருப்பட்டியும் ஈஸ்டும் வெந்த வாடை
துப்பட்டாவில் குடியேறி மூன்று வருடம்.
செக்காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
மூக்கைச் சுளித்து ஜன்னலோரம் நகர்ந்தாள்.

நான் துரத்துவது ஒரு புரதத்தை.
மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர்,
இடையில் நின்ற மகரமெய் கெடும்.
அதுதான் அதன் தொழிலும்.
ஆர்.என்.ஏ.வின் நீண்ட வாக்கியத்தில்
வேண்டாத நடுவை வெட்டி
இரு முனையையும் ஒட்டுகிற கூட்டத்தில்
அதுவும் ஓர் ஆள்.

அந்த ஆளை எடுத்துவிட்டால்
செல் பிரியத் தடுமாறுகிறது.
குரோமோசோம்கள் நடுக்கோட்டுக்கு வராமல்
சந்தை கலைந்தபின் விலைபோகாத ஆடுகளாய்
ஆளுக்கொரு மூலையில்.

"இதுல என்னடி அதிசயம்?" என்றாள் உமையாள்,
அடுத்த மேசைக்காரி.
"சமையல்காரன் வரலே, பந்தி நின்னுபோச்சு.
வெட்டி ஒட்ட ஆளில்லாம
கதிர் இழைக்கு வேண்டிய புரதம் உருவாகலே, அவ்வளவுதான்.
உன் ஆளு கதிரைத் தொட்டதை நீ பாத்தியா?"

பார்க்கவில்லை.
ஏழு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.
அவள் சொன்னது நியாயம் என்பதால்.

வெள்ளை அங்கி தைக்கக் கொடுத்திருந்தேன்.
வாங்கப் போன அன்று அடைக்கலத்தின் கடை பூட்டியிருந்தது.
கொப்புடையம்மன் தேர்.
வடம் பிடிக்கப் போயிருக்கிறார் என்றார் டீக்கடைக்காரர்.
திட்டிக்கொண்டே திரும்பினேன்.

இட்டு ஒரு மணி நேரமே ஆன முட்டை.
தாய் கட்டிவைத்துப் போன கட்டுச்சோறே போதும் அதற்கு,
புதிதாக ஏறக்குறைய எதையும் எழுதுவதில்லை.
எழுதாததை யார் வெட்டுவது?
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கருக்கள் இரட்டிக்கும்,
அதில் நாலு நிமிடம்
உறை முனைகளில் பிய்ந்து கதிர் நீளும்.
அந்த நேரம் பார்த்து
ஆன்டிபாடி நிரப்பிய கண்ணாடி ஊசியால்
அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டால்?

பதினொரு முட்டை உடைந்தது.
இரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
பன்னிரண்டாவது தாங்கியது.

ஊசி இறங்கிய முனையில்
கதிர் குட்டை, இழை சன்னம்,
கழுத்தில் கயிறு விழாத குரோமோசோம்கள் திகைத்து நின்றன.
மறுமுனையில்
ஒன்றும் நடக்காததுபோல்
இரண்டு நாலாகிக்கொண்டிருந்தது.

கத்தரி ஓய்ந்த அந்த நாலு நிமிடம்
அவன் வடத்தில் இருந்திருக்கிறான்.

படத்தை உமையாளுக்கு அனுப்பினேன்.
தூங்கவில்லை போல.
"இன்னும் நாப்பது முட்டை.
பாதிக்கு வேற ஆன்டிபாடி போடு. அப்புறம் பேசு."

மறுபடியும் நியாயம்.
தட்டை மாற்றினேன்.
ஜெனரேட்டர் சத்தத்தில்
ஈக்கள் முட்டையிட ஆரம்பித்தன.