பதினோரு நொடி

மில்டூராவில் ரேடியேட்டர் பார்க்கிறவன் நான்.
டிராக்டர், திராட்சை ஏற்றும் லாரி, எப்போதாவது ஒரு படகு.
விமான எஞ்சின் வந்ததில்லை,
போன செவ்வாய் வரை.

எட்டு சிலிண்டர், இரண்டு வரிசை,
கும்பிடப் போய் மனம் மாறி
விரித்துவிட்ட கைகள் மாதிரி.
ஒவ்வொன்றுக்கும் செம்பில் ஒரு சட்டை.
பிரான்சில் செய்தது. யாரோ ஒரு பெண்ணின் பெயராம் அதற்கு;
தகட்டில் பாதி தேய்ந்திருந்தது,
மீதியை என் வாய் தேய்த்தது.

லோர்னா பிக்கெட் காகிதம் பார்க்காமல் சொன்னாள்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. ஆடு மேயும் வெளி.
பறந்தது பதினோரு நொடி.
அப்புறம் வேலி.
ஓட்டியவனுக்குக் காறை எலும்பு போனது,
இறக்கைத் துணி கோழிக்கூண்டுக்குப் போனது.
எஞ்சினை ஆற்றங்கரையில் இறக்கி
கப்பி பூட்டி, பட்டை மாட்டி
ஆரஞ்சு மரங்களுக்குத் தண்ணீர் இறைக்கவிட்டார்கள்.
இருபத்தாறு வருடம்.

வாங்குகிறவர் மெல்பர்னில் இருக்கிறார்.
பம்பாக இருந்த தடயம் எதுவும் வேண்டாம்,
பறந்த நிலைக்குக் கொண்டுவரவும் என்று எழுதியிருக்கிறார்.
எந்த நொடி என்று நான் கேட்கவில்லை,
மூன்றாவதா,
வேலி கண்ணில் பட்ட ஒன்பதாவதா.
கூலி நல்ல கூலி.

சட்டைக்குள் அமிலம் ஊற்றினேன்.
நுரைத்தது, சீறியது, பிறகு
அப்பளம் அப்பளமாய்ப் பெயர்ந்து விழுந்தது
மர்ரே ஆறு.
ஒரு துண்டை ஒடித்து விளக்கில் பிடித்தேன்:
வெள்ளை, வெள்ளை, நடுவே ஒரு செம்மண் கோடு
(கரை புரண்ட வருடமாக இருக்கும்),
திரும்ப வெள்ளை. நாக்கில் வைத்தால் உப்பு.
பறந்த அன்று ஊற்றிய தண்ணீரின் படிவு
இதில் எங்கும் இல்லை.
மேலே போனபோது
அது கொதிக்கக்கூடத் தொடங்கியிருக்காது.

கப்பியைக் கழற்றினேன்.
அது சுழன்ற இடத்தில் தண்டு மெலிந்திருந்தது.
மெலிவை எந்த ஸ்பேனரால் கழற்றுவது?

கசிவு பார்க்கச் சுத்தமான தண்ணீர் நிரப்பினேன்.
சொட்டவில்லை.
ஏழாவது சிலிண்டரின் அடிவயிற்றில், குனிந்தால்தான் தெரியும்,
கட்டைவிரல் அகலத்தில் ஒரு ஈய ஒட்டு.
எவனோ ஆற்றங்கரையில், கொசுக்கடியில்,
மரங்கள் காத்திருக்க, பற்றவைத்திருக்கிறான்.
என் கையைவிடச் சுத்தமான கை.
உருக்கி எடுக்க இரண்டு நிமிடம் போதும்.
டார்ச்சைப் பற்றவைத்தேன்.
அணைத்தேன்.

பில்லில் எழுதினேன்:
ஏழாம் சிலிண்டர்,
பறந்த நிலையிலேயே இருந்தது, வேலை இல்லை.
ஜிஎஸ்டி தனி.