வானம் பார்த்த பெட்டி

முந்தின நாள் மழை. களிமண் மண்வெட்டியை விடவில்லை.
மேற்கு யூட்லாந்தில், பார்லி வயலின் ஓரம்,
அறுபத்தொன்றாம் வருஷம் மே மாதம்,
இடுப்பளவு குழி.
தோர்வால் டிராக்டரை வேலியருகே நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"யாரைப் புதைக்கிறீர்கள்?"
"ஒலிபெருக்கியை," என்றார் ஐனார்.
"செத்துவிட்டதா?"
"இனிமேல்தான் பேசவே போகிறது."

தொழிற்சாலையில் எனக்குக் கம்பி சுற்றும் வேலை.
தலைமுடிப் பருமனில் தாமிரம், இரண்டு அடுக்கு, நூற்றுப் பதினாறு சுற்று.
கை நடுங்காதவள் என்று
வரைபடப் பேனாவைப் பார்த்துக்கொள்ளக் கூட்டி வந்திருந்தார்கள்.

அறைக்குள் வைத்து அளந்தால்
சுவரும் கூரையும் தங்கள் பங்குக்குச் சேர்த்துச் சொல்லும்.
அதனால் வயல்.
குழி எதற்கென்றால், கூம்பு முன்னே தள்ளும் காற்றை
அதே நொடியில் முதுகால் இழுக்கிறது.
நேரே ஒன்று, பின்னால் அதற்கு எதிர்.
இரண்டும் விளிம்பில் சந்தித்தால்
தாழ்ந்த சுருதி அங்கேயே செத்துப்போகும்.
பெட்டி என்பது வேறொன்றுமில்லை,
புறம் பேசும் வாயை அடைப்பதுதான்.
உள்ளே செம்மறி ரோமம் திணித்தோம்.
விளிம்பு தரையோடு தரை.
வானம் பார்த்து ஒரு காகிதக் கூம்பு.

மூவாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு மேடு.
மறுபடி ஓட்டினோம்; மேடு நாலாயிரத்துக்கு நகர்ந்திருந்தது.
ஐனார் பசையைத் திட்டினார், காகித ஆலையைத் திட்டினார்,
என்னைப் பார்த்தார்.
எதுவும் சொல்லவில்லை. பார்த்தார்.
நான் மேலே கைகாட்டினேன்.
ஒலிவாங்கிக்கு நேர் உச்சியில் ஒரு வானம்பாடி
எங்களோடு போட்டிக்கு நின்றது.
தாளின் ஓரத்தில் 'பறவை' என்று எழுதினேன்.

பிறகு கீழே இறங்கினோம். நாற்பது. முப்பது.
இருபத்தைந்தில் காதுக்கு ஒன்றுமில்லை,
கூம்பு மட்டும்
ஓடிவந்த நாயின் விலாவைப் போல.
"இங்கே முடிகிறது,"
சரியும் கோட்டின்மேல் ஐனார் விரல் வைத்தார்.

என் பூட்ஸுக்குப் பக்கத்தில் மண் நெளிந்தது.
ஒரு மண்புழு. ஐந்து. அப்புறம் எண்ணவில்லை.
மழை என்று நினைத்தனவோ,
அகழெலி வருகிறது என்று பயந்தனவோ.
கடற்காகங்களுக்கு யார் சொன்னது தெரியாது,
வந்துவிட்டன.
ஒன்று பெட்டியின்மேலேயே இறங்கி
கூம்புக்குள் வழுக்கி விழுந்த புழுவைக் கொத்தியது.
புழு போயிற்று. காகிதமும்.

ஐனார் மண்டியிட்டுக் கிழிசலுக்குள் பார்த்தார்.
"சுருள் பிசகவில்லை, பீர்த்த," என்றார்,
மூன்று வருஷத்தில் முதல்முறையாக என் பெயர் சொல்லி.

வேலியருகே தோர்வால் சிரித்தார்.
ஒலிவாங்கியை யாரும் அணைத்திருக்கவில்லை.
பேனா எகிறி, விழுந்து, எகிறியது.
அந்தக் கோடும் தாளில் இருக்கிறது.
அதன் பக்கத்தில் மட்டும்
நான் ஒன்றும் எழுதவில்லை.