மூடிய வகை

டார்ட்டு. பிப்ரவரி. ஆறு உறைந்து
அதன்மேல் யாரோ சைக்கிளைத் தள்ளிப் போகிறார்.
உர்வே தகட்டை மேடையில் பொருத்துகிறாள்:
4117. ஆண், எழுபத்தொன்று. இரைப்பையின் மேல்பாகம்.
படிவத்தில் அவசரக் கையெழுத்து:
மூன்று வாரமாய்ச் சாப்பிட மறுக்கிறார். காரணம்?

நான்கு மைக்ரான் கனத்தில் சீவிய சவ்வு.
நானூறு மடங்கில், நீலக் கருக்களுக்கு நடுவே
அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பழுப்புச் சாயம்
பிடித்துக்கொண்டு நிற்கின்றன
கிரெலின் செல்கள்.

வெளிவாசல் பக்கத்து காஸ்ட்ரின் செல்களுக்குக் கழுத்துண்டு;
எட்டிப் பார்த்து வந்ததை ருசி பார்க்கும்.
இவை மூடிய வகை.
ஒரு கவளத்தையும் கண்ணால் கண்டதில்லை.
முதுகுப்புறம் ஓடும் ரத்தத்தில்
பசி பசி என்று
சீட்டெழுதிப் போடுவதொன்றே வேலை.

எண்ணுகிறாள். கட்டைவிரலடியில் டிக், டிக்.
சதுர மில்லிமீட்டருக்கு நூற்று முப்பத்தெட்டு.
குறைவில்லை. சற்றுக் கூடுதல்தான்.
எல்லாவற்றிலும் துகள்கள் முட்ட முட்ட.

வார்டிலிருந்து கைடோவின் ஃபோன்:
"செல்லே இல்லையா?"
"இருக்கின்றன. நிறைய."
அவன் மூச்சு விடுவது கேட்கிறது.
"பெய்ப்சி ஏரியில், மீன் பிடிக்கப் போனபோது,
பனி உடைந்திருக்கிறது. தம்பி உள்ளே போய்விட்டான்.
கயிற்றைப் பிடித்திருந்தது இவர்.
இன்றைக்குத்தான் வாய் திறந்தார்."
"அதற்கு என்னிடம் சாயம் இல்லை, கைடோ."

அறிக்கையில் 'இயல்பு' என்று தட்டி,
அழித்து,
எண்ணை மட்டும் விடுகிறாள்.

மணி ஒன்று. டப்பாவில் ரொட்டி,
அதே ஏரியின் புகையூட்டிய மீன்.
மூடியைத் திறந்தவள் திறந்தபடியே வைத்திருக்கிறாள்.
அவள் வயிற்றுக்குள் இருப்பவை
இதையும் பார்க்கவில்லை.
வெட்கமில்லாமல் கடமுடாவென்று
கேட்கின்றன.