காரம்

பெயிண்ட் டப்பாவின் அடியில்
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஐந்து துளை.
பிளாஸ்டிக் புகையில் இருமிக்கொண்டே
சேவுகன் கேட்டான்:
"மொளகா வச்சா பத்தாதா?"

மிளகாய் இருக்கிறது, தெர்மாகோல் மீன்பெட்டியில்.
புதினா, வாஷிங் மெஷின் டிரம்மில்.
கற்பூரவல்லி யாரையும் கேட்காமல்
சாக்கடை வரை போய்விட்டது.
இது புளூபெர்ரி.
தமிழில் அவுரிநெல்லியாம்.
அவுரியுமில்லை, நெல்லியுமில்லை.
கூரியரில் வந்தபோது
மூன்று இலையும் ஒரு ரசீதும்.

பகலெல்லாம் காரைக்குடி லேபில்
ஊராரின் சிறுநீரில் தாள் நனைத்து
நிறம் பார்ப்பவள் நான்.
மீந்த தாளொன்றை
வீட்டு போரிங் தண்ணீரில் தொட்டேன்.
பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போனது.
குழம்பில் மட்டுமில்லை,
பள்ளத்தூரில் குழாயிலும் காரம்.
செடிக்கோ புளிப்பு வேண்டும்,
மசக்கைக்காரி மாதிரி.

ஐப்பசியில்
ஓட்டு விளிம்பில் இறங்கிய மழையை
அண்டாவில், குக்கரில்,
சேவுகனின் ஹெல்மெட்டில்கூடப் பிடித்தேன்.
மாசியோடு தீர்ந்தது.
பிறகு ஒரு வாளிக்கு இத்தனை சொட்டு வினிகர்,
லேபில் கை நடுங்காத அதே கணக்கில்.

மண், பொட்டலிலிருந்து ஒரு சாக்கு சரளை.
சிரித்தவனே
கொடைக்கானல் லோடு இறக்கித் திரும்பும்போது
ஒரு மூட்டை பைன் ஊசி கொண்டுவந்து
ஒன்றும் சொல்லாமல்
டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

குளிருக்கு என்ன செய்ய?
மார்கழியிலும் ஃபேன் ஓடும் ஊர்.
மீன் கடை சகுபர் அலியிடம்
ராத்திரி மிச்ச ஐஸ் கேட்டேன்.
"கவிச்சி அடிக்குமே, பரவால்லியா?"
பரவாயில்லை.
நாற்பது ராத்திரி
எங்கள் இரண்டாங்கட்டில்
ஒரு டப்பா மட்டும் ஊட்டியில் இருந்தது.
பூனை அதைச் சுற்றியே படுத்தது.

வாடகை வாங்க வந்த ஏஜெண்ட் அடைக்கப்பன்
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"தரையில ஒண்ணும் நடக்கூடாதுன்னு
அக்ரிமெண்ட்ல இருக்கு."
தரையில் நடவில்லை, தூக்கிப் பாருங்கள் என்றேன்.
தூக்கினார்.
இறக்கி வைத்து, கை துடைத்து,
கிலோ என்ன விலை போகும் என்று கேட்டார்.
எட்டு வருஷத்தில் நான்கு வீடு.
எங்கள் தோட்டத்துக்குக்
கைப்பிடி உண்டு.

இரண்டாம் பங்குனியில்
ஒன்பது காய்.
நீலம் ஏற ஏற
கொண்டைக்குருவிக்குத் தகவல் போய்விட்டது.
ஏழு அதற்கு.
ஒன்று சாக்கடைக்கு.
மிஞ்சியதை பிளேடால் பாதியாக்கினேன்.
சேவுகன் மென்றான்,
மென்று முடித்தும் யோசித்தான்.
"நாவப்பழத்துல தண்ணி ஊத்துன மாதிரி."
என் பாதியை
நாக்குக்கடியில் வைத்துக்கொண்டே
வேலைக்குப் போனேன்.
பஸ் கோட்டையூர் தாண்டும்வரை இருந்தது.

ஆனியில்தான் கவனித்தேன்,
புளூபெர்ரியின் காலடியில்
சின்ன இலையும் முள்ளுமாக
வேறொன்று.
காரை.
சரளையில் வந்த விதையோ,
தின்றுவிட்டுப் போன குருவி
கொடுத்த பாக்கியோ.
மழைநீர் கேட்கவில்லை,
ஐஸ் கேட்கவில்லை,
தொட்டியில் களை வந்தால் பிடுங்கச் சொல்லி
செடி விற்றவன் அச்சடித்த தாளில் இருக்கிறது.
பிடுங்கக் கைவைத்தேன்.
குத்தியது.

இன்னொரு பெயிண்ட் டப்பா
எங்கே கிடைத்தது என்று சேவுகனைக் கேட்கவில்லை.
அடுப்பில்
கம்பி காய்கிறது.