முப்பத்தெட்டுக்கு நடுவே

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் கடைக்கு வந்தார்
தையல்நாயகி.
போனை நீட்டினார்.
"இதை ஃப்ளெக்ஸ் அடிக்கணும். பத்துக்கு ஆறு.
கேட் தொறக்கறதுக்குள்ள வெலையச் சொல்லு."

வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த படம்.
ஒவ்வொரு கையும் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அனுப்பியிருந்தது.
மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி இல்லை.
'பயிர்' என்பது 'பயிர' என்று
வாயை மூடாமல் நின்றது.
கிராம வாரியாக இழப்புச் சதவீதம்.
பதினேழாவது வரி, தென்கரைவெளி:
38.

"நெசந்தான் அது," என்றார்,
"ஆனா அதுல அப்படி இல்ல."

தை மாதத்து மழையில் சாய்ந்து
கதிரிலேயே முளைவிட்ட சம்பா.
அறுத்து எடை போட்டவர்களும்
முப்பத்தெட்டு என்றுதான் சொல்லிப் போனார்கள்.
இந்தப் படம் வந்த அன்று தெருவே பூந்தி வாங்கித் தின்றதாம்.
முருகையன் டிராக்டர் தவணைக்கு நாள் குறித்துவிட்டாராம்.
மூன்றாம் நாள் வங்கியில் சொன்னார்கள்:
முப்பத்தெட்டு இல்லை, மூன்று புள்ளி எட்டு.
இழப்பீடு கிடையாது.

"மங்கினதுல புள்ளி போயிடுச்சு தம்பி.
புள்ளி போனதும் நெசம் வந்துடுச்சு.
எனக்கு அந்தப் பொய் பளிச்சுன்னு வேணும்.
பஸ்ல ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியணும்."

ஒன்பது வருடமாக இதே நாற்காலி.
நரையை எடு, பருவை எடு,
சண்டை போட்ட மைத்துனரை எடு,
அந்த இடத்தில் ஒரு ரோஜாச் செடி வை.
எடுக்கத்தான் எல்லோரும் வந்தார்கள்.

மூலக் கோப்பு வேண்டும் என்றேன்.
கேட் திறந்தது, பஸ் போய்விட்டது, அவர் போகவில்லை.
யார் யாருக்கோ போன் போட்டார். கூட்டுறவுச் சங்கத்து
எழுத்தரின் மகள் கடைசியில் அனுப்பினாள்,
"எங்கப்பா பேரு வரக்கூடாது" என்ற வரியோடு.

அதற்குள் எழுத்து இன்னும் எழுத்தாகவே இருந்தது.
படமாகியிருக்கவில்லை.
அங்குலத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி என்று மாற்றினேன்,
மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில் ஒரு தூசி.
முந்நூறில் எறும்பு.
அறுநூறு வைத்தேன். போதும்தான்.
இருந்தாலும் ஆயிரத்து இருநூறு வைத்தேன்.
பழைய கணினி மூச்சிரைத்தது,
மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
இருவரும் வியர்வையோடு காத்திருந்தோம்.

வந்தது.
புள்ளி வட்டமே இல்லை.
சதுரம்.
நாலு பக்கமும் நூல் பிடித்த வரப்பு,
மடை கிடையாது, வடிகால் கிடையாது,
உள்ளே முழுக்கக் கறுப்பு.

திரையில் விரல் வைத்துப் பார்த்தார்.
"இது எத்தினி மா வரும்?"
ஃப்ளெக்ஸில் ஒரு சாண் வரும் என்றேன்.
"ஒரு சாண்," என்றார். "அவ்வளவு எடத்துல
எங்க ஊரே போயிடுச்சு பாரு."

மேலே என்ன போட, கண்டனமா? கோரிக்கையா?
"ஒண்ணும் வேணாம். அந்த வரி மட்டும்."
கீழே தொடர்புக்கு எண்?
"எதுக்கு? யாரு கூப்பிடப் போறா?"
சதுர அடிக்குப் பதினைந்து என்று பில் போட்டேன்.
பன்னிரண்டு கொடுத்தார்.
பேரம் பேசியதாகவே தெரியவில்லை.

'தென்கரைவெளி_இறுதி_இறுதி2' என்று சேமித்தேன்.
அடுத்து வந்தவர் மகளின் சடங்கு பேனரில்
கன்னத்து மச்சத்தை எடுக்கச் சொன்னார்.
எடுத்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட் அருகே கட்டினோம்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்.
இரண்டு பஸ், ஒரு கல்யாண வேன்,
எண்ணிக்கையில்லாமல் பைக்குகள்.
எல்லோருக்கும் படிக்க நேரம் இருந்தது, வேறு வேலையில்லை.

ஜன்னலோரத்தில் ஒருவர் கண்டக்டரைக் கேட்டார்:
"மூணு புள்ளி எட்டா? எங்கங்க நிலநடுக்கம்?"

கண்டக்டர் ஃப்ளெக்ஸை இன்னொரு தரம் படித்தார்.
ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது.